ஒருத்தரும் விழுந்ததில்லை

போன மாதம் பதுளை பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். அதே வெள்ளை முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத காற்சட்டை, ஒரு பொட்டு மண் படாத சப்பாத்து. கையில் ஹெல்மட். கடையில் வாங்கும்போது அதன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கவில்லை. என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். சாவு வீட்டில் எதிரே வந்து நின்றாலும் அந்த மனுசனோடு எனக்குப் பேச்சில்லை.

எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். பெயர் எனக்குத் தெரியும். எழுத விருப்பமில்லை.

நாலைந்து வருசத்துக்கு முன்னால், பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் எடுக்க நினைத்த பிள்ளைகளில் பாதிப்பேர் அவரிடம்தான் போனார்கள். டவுனுக்கு வெளியே ஆற்றோரம் ஒரு மைதானம். மூலையில் ஒரு தகரக் கொட்டில். கொட்டிலுக்கு முன்னால் அவருடைய பழைய சிவப்பு மோட்டார் சைக்கிள். அந்த ஒரே வண்டியில்தான் எல்லோரும் பழக வேண்டும், அதே வண்டியில்தான் டெஸ்டுக்கும் போக வேண்டும். டெஸ்ட் நடக்கிற அன்றைக்கு வண்டியை லொறியில் ஏற்றிக் கொண்டுவருவார். ஓட்டிக்கொண்டு வரமாட்டார். அது ஏன் என்று அப்போது ஒருத்தரும் யோசிக்கவில்லை.

வந்து சேருகிற ஆளிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி பெயரோ ஊரோ இல்லை. "கையக் காட்டு" என்பார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார், முழங்கையைப் பார்ப்பார். ஆண்பிள்ளைகளென்றால் காற்சட்டையை உயர்த்தச் சொல்லி முழங்காலையும் பார்ப்பார். மாடு வாங்க வந்தவர் மாதிரி இருக்கும். தழும்பு இருந்தால் முகம் கோணும்.

"இது எங்க விழுந்தது?"

"சின்னப் புள்ளையில அடுப்புல பட்டது மாஸ்டர்" என்றாள் செல்வி.

"நெசமா? வண்டியில விழுந்தது இல்லயே?"

"இல்லீங்க மாஸ்டர். எங்க வீட்டுல சைக்கிள்கூட கிடையாது."

அதைக் கேட்டதும்தான் அவருக்கு நிம்மதி. ஏற்கெனவே விழுந்த ஆளை அவர் சேர்க்கமாட்டார். காரணத்தை அவரே சொன்னார். அன்றைக்கு மட்டுமல்ல, தினம் சொன்னார். பிளேன்டீ குடித்துக்கொண்டு சொல்வார், குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சொல்வார், மைதானத்து ஓரமாகப் போகிற வருகிற ஆட்களைக் கூப்பிட்டு வைத்துச் சொல்வார்: "என்கிட்ட படிச்ச ஒருத்தரும் விழுந்ததில்ல."

அதற்கு ஒரு வாலும் உண்டு. "நான் யார்கிட்டயும் போய்ப் படிக்கல. எனக்கு மாஸ்டர் நான்தான்."

செல்வி என் பெரியம்மா மகள். என்னைவிட இரண்டு வயது இளையவள். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் ஒரே லய வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்தோம். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராக்களைப் போய்ப் பார்த்து, அங்கே விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளுக்குச் சாப்பாடு சரியாகக் கிடைக்கிறதா, தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று கவனிக்கிற வேலை எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றாகக் கிடைத்தது. டிவிசனுக்கு டிவிசன் போக வேண்டும். பஸ்ஸை நம்பினால் ஒரு நாளைக்கு ஒரு பிள்ளைக்காம்பராகூடப் பார்க்க முடியாது. லைசன்ஸ் எடுத்தால் ஆபீசில் மோட்டார் சைக்கிள் கொடுப்பார்கள். எடுக்காவிட்டால் வேலை நிரந்தரமாகாது. எங்கள் லயத்தில் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தொடாமல் சம்பளம் எடுக்கப் போகிற முதல் ஆட்கள் நாங்கள். பெரியம்மாவுக்குக் கால் வீங்கி மலையேற முடியாமல் போன வருசம் அது. செல்வியின் வேலையை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது.

மைதானத்துக்குப் போன முதல் வாரத்திலேயே எனக்கு மாஸ்டரைப் பிடிக்காமல் போய்விட்டது. பசறைப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் பழக வந்துகொண்டிருந்தார். நல்ல மனுசன், கொஞ்சம் பருமன். ஒரு நாள் திரும்பும்போது ஈரப் புல்லில் சறுக்கி வண்டியோடு சாய்ந்தார். அடி ஒன்றுமில்லை, எழும்பிச் சிரித்தார். மாஸ்டர் ஓடிப்போனார், வாத்தியாரைத் தூக்க இல்லை. வண்டியைத் தூக்கித் துடைத்தார். பிறகு கேட்டைக் காட்டி, "சேர், நாளையில இருந்து நீங்க வர வேணாம்" என்றார். அந்தப் பக்கமாகப் போன கடைக்காரர், "யாரு மாஸ்டர் விழுந்தது?" என்று கேட்டதற்கு, கூசாமல் சொன்னார்:

"அவரு நம்ம ஆளு இல்ல. சும்மா வேடிக்க பாக்க வந்தவரு, சொல்லாம ஏறிட்டாரு."

வாத்தியார் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார், முழங்காலில் மண்ணோடு. நான் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு லைசன்ஸ் வேண்டியிருந்தது.

கற்றுக்கொடுக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். முதல் கியரைத் தாண்ட விடமாட்டார். கோன்களுக்கிடையே வளைந்து போவது, எட்டுப் போடுவது, கோட்டில் வந்து நிறுத்துவது. அவ்வளவுதான். மலை ரோட்டில் ஏற்றுவது, இறக்குவது, எதிரே லொறி வந்தால் என்ன செய்வது, ஒன்றும் கிடையாது. கேட்டால், "ரோடு வேற, டெஸ்ட் வேற. முதல்ல பாஸ் ஆகு" என்பார்.

நிறுத்துவதற்கு மட்டும் ஒரு பாடம் வைத்திருந்தார். "கால் பிரேக்க மெதுவா மிதி. அதே நேரம் கை பிரேக்க நாலு வெரலாலயும் முழுசா அமுக்கு. ரெண்டு பிரேக்கையும் புடிக்கிறோம்னு டெஸ்ட் எடுக்கிறவருக்குத் தெரியணும். நல்லா அமுக்கு. இன்னும். ஆங், அப்படி."

நாங்கள் அமுக்கினோம். தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரி, ஒவ்வொரு தடவையும், கை வலிக்க வலிக்க. அந்தப் பழக்கம் எங்கள் விரலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வண்டி பூப்போல நின்றது. ஒருத்தரும் விழவில்லை.

டெஸ்டில் செல்வி பாஸ். நான் எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டேன், பெயில். மாஸ்டர் செல்வியை வண்டியில் உட்காரவைத்து ஹோர்னை அடிக்கச் சொல்லி, தானே பக்கத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு தேத்தண்ணிக் கடை வரைக்கும் போனார். "என் புள்ள. பாருங்க, ஒரே தடவையில பாஸ். என் புள்ள" என்று கடையில் இருந்த எல்லோரிடமும் சொன்னார். என் பக்கம் திரும்பி, மெதுவான குரலில், "நீ என்கிட்டதான் படிக்கிறேன்னு இப்போதைக்கு வெளியில சொல்லாத" என்றார்.

அப்படியே அந்த வெள்ளைச் சட்டையில் பிளேன்டீயை ஊற்றியிருப்பேன். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு ஆபீசில் வண்டி கொடுத்தார்கள், புத்தம் புதியது. கொடுத்த இரண்டாவது நாள் முதன்முதலாக அதை எடுத்துக்கொண்டு போய், ஸ்பிரிங்வெளி மேல் டிவிசனிலிருந்து இறங்கி வந்தாள். மெதுவாகத்தான் வந்தாள், அவளுக்கு வேகமாகப் போகவே தெரியாது. ஒரு வளைவில் கொழுந்து நிறுக்கப் போகிற பெண்கள் கூடையோடு ரோட்டைக் கடந்தார்கள். செல்வி நிறுத்தினாள், படித்தபடியே. நாலு விரலாலும், முழுசாக.

முன்சக்கரம் அந்த இடத்திலேயே செத்து நின்றது. வண்டி பக்கவாட்டில் சாய்ந்து அவளை ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் போட்டது. இடுப்பெலும்பில் முறிவு. கொழுந்துப் பெண்கள்தான் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை விரித்துத் தூக்கி வந்தார்கள்.

பதுளை ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது அவள் அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"பிரேக் புடிச்சிருச்சுக்கா" என்றாள்.

"பிரேக்குன்னா புடிக்கத்தானேடி செய்யும்."

"இல்லக்கா. அது புடிக்கும்னு எனக்குத் தெரியாது. மாஸ்டரோட வண்டியில கை பிரேக்க எவ்வளவு அமுக்கினாலும் இப்படிப் புடிச்சதே இல்லல்ல."

அன்றைக்கே நேராக மைதானத்துக்குப் போனேன். மாஸ்டர் கொட்டிலுக்குள் இருந்தார். சிவப்பு வண்டியின் கை பிரேக்கை நாலு விரலாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளினேன். பிள்ளைகள் தள்ளும் சக்கரம்போல உருண்டு போனது. முன் பிரேக்கின் கம்பியைத் தளர்த்தி வைத்திருந்தார். கைப்பிடி வரும், கம்பியும் ஆடும், சக்கரத்தை ஒன்றும் தொடாது. இத்தனை நாள் எங்களை நிறுத்தியது கால் பிரேக் மட்டும்தான். வேறு வண்டியில் ஏறியிருந்தால்தானே எங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

சத்தம் கேட்டு வெளியே வந்தவர் என் கை எங்கே இருக்கிறதென்று பார்த்தார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

"முன் பிரேக்கு ஆளத் தூக்கிப் போட்டுரும். தோட்டத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க" என்றார். அது உண்மைதான். எங்கள் பக்கம் வண்டி வைத்திருக்கிற ஆம்பிளைகள் பாதிப்பேர் அதைப் பாம்பைத் தொடுகிற மாதிரிதான் தொடுவார்கள். "புடிச்சா விழுவீங்க. விழுந்தா பயப்படுவீங்க. பயந்தா பாஸ் ஆக மாட்டீங்க. உங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"செல்வி இடுப்பு ஒடைஞ்சு கெடக்கா மாஸ்டர்."

அவர் ஹெல்மட்டின் பிளாஸ்டிக் தாளைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"எந்தச் செல்வி?" என்றார்.

நானும் எத்தனையோ பொய்யைக் கேட்டிருக்கிறேன். கண்ணைப் பார்த்துக்கொண்டு, இவ்வளவு சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு சொன்ன பொய்யைக் கேட்டதில்லை. "என் புள்ள, என் புள்ள" என்று கடைக்காரரிடம் கூவின அதே வாய்.

அவர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் துப்பிவிட்டு வந்திருப்பேன். ஆபீசிலிருந்து விசாரிக்க வந்தபோதும் அதையே சொன்னார். எங்கள் மேலதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், ஒழுங்கான மனுசன், எதையும் இரண்டு தரம் கேட்டுத்தான் எழுதுவார். வண்டியில் பிழை இல்லை, பிரேக் நன்றாக இருந்தது, ஓட்டின பிள்ளைதான் கண்டபடி பிடித்திருக்கிறாள் என்று பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள். முறையாகப் பழகாமல் ஆபீஸ் வண்டியை எடுத்ததாக ஆகிவிட்டால் செல்விக்கு வேலை போய்விடும். நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீர் சொல்லுறது எனக்கு விளங்குது பிள்ளை" என்றார். "ஆனா அந்த மனுசன் தனக்கு அவவைத் தெரியவே தெரியாதெண்டு சொல்லுறார். தன்னட்டப் படிச்ச ஆக்கள் ஒருத்தரும் விழுந்ததில்லையெண்டு வேற சொல்லுறார். மற்றப் பிள்ளையளையும் கேட்டனான். ஒருத்தரும் வாய் திறக்கினம் இல்லை."

எப்படித் திறப்பார்கள்? அடுத்த டெஸ்டுக்கு அவருடைய வண்டி வேண்டும். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன், வாத்தியாருக்காக நான் மட்டும் என்னத்தைத் திறந்தேன்?

"நீர் அவவின்ர அக்கா. உம்மட பேச்சை மட்டும் வைச்சு நான் எப்பிடி எழுதிறது?"

"ஒரே ஒரு தடவ மைதானத்துக்கு வாங்க சேர். அவரு எப்படிப் பழக்குறாருன்னு உங்க கண்ணால பாருங்க. அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் எழுதுங்க."

வாரக் கடைசியில் விசாரணை முடிவை மேலே அனுப்பவேண்டும், அதற்கு முன்னால் ஒரு காலை வருகிறேன் என்றார்.

அன்றைக்கு விடியற்காலையில் தூறிவிட்டிருந்தது. செல்வியும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பி அப்போதுதான் ஒரு வாரம் இருக்கும், ஊன்றுகோலோடுதான் நடமாட்டம். ஆட்டோவில் வைத்துக் கூட்டிவந்து, மைதானத்து ஓரத்தில் நிறுத்தி, உள்ளேயே உட்காரச் சொன்னேன். பழக வந்த பிள்ளைகள் கொட்டிலடியில் நின்றார்கள். மாஸ்டர் உள்ளே சப்பாத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேலதிகாரி வன்னியில் வேலை செய்த காலத்திலிருந்து மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர். வந்ததும் சிவப்பு வண்டியைத்தான் போய்ப் பார்த்தார். டயரை அமுக்கினார், ஹாண்டிலை ஆட்டினார். கை பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஒரு தள்ளுத் தள்ளினார். உருண்டது.

"கேபிள் இழுபட்டுப் போச்சுது" என்று தனக்குத்தானே சொன்னார். குனிந்து, சக்கரத்தடியில் இருந்த நட்டை விரலால் முறுக்கினார். மறுபடியும் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். வண்டி அசையவில்லை. கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். வேண்டுமென்றே தளர்த்தியது என்று நான் சொன்னதை அவர் இன்னும் நம்பவில்லை, பழுது பார்த்ததாக மட்டும்தான் நினைப்பு. பழக வந்த பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொல்ல எல்லோருக்கும் நேரம் இருந்தது. ஒருத்தரும் அசையவில்லை. நானும் அசையவில்லை. அதற்காக எனக்கு இன்றுவரைக்கும் துளி வருத்தமில்லை.

மாஸ்டர் வெளியே வந்தார். மேலதிகாரியைக் கண்டதும் இடுப்புவரை வளைந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். ஆட்டோவை அவர் கவனிக்கவில்லை.

"நீங்கள் எப்பிடிப் பழக்கிறனீங்கள் எண்டு ஒருக்கா ஓட்டிக் காட்டுங்கோ பாப்பம்" என்றார் மேலதிகாரி.

மாஸ்டருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஹெல்மட்டைப் போட்டார். வண்டியில் ஏறி, முதல் கியரில், கோன்களுக்கிடையே வளைந்து போனார். எட்டுப் போட்டார். போட்டுக்கொண்டே பேசினார்.

"பாருங்க சேர், இப்படித்தான் ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக் குடுக்கிறேன். அவசரமே படுறதில்ல. இந்த மைதானத்துல என்கிட்ட படிச்ச ஒருத்தரும் விழுந்ததில்ல சேர். இப்ப நிறுத்துறதப் பாருங்க. காலு மெதுவா. கை, நாலு வெரலும் முழுசா."

எட்டின் வளைவு முடியாமலேயே நிறுத்திவிட்டார். ஹாண்டில் திரும்பியபடி இருந்தது. நாலு விரலும் மூடின. வண்டி ஆணியடித்தாற்போல் நின்று, அவரை இடப்பக்கமாகச் சேற்றில் போட்டுத் தானும் மேலே சாய்ந்தது.

வேகம் ஒன்றுமில்லை, பெரிய அடியும் இல்லை. இரண்டு பிள்ளைகள் ஓடிப்போய் வண்டியைத் தூக்கினார்கள். அவர் கையை ஊன்றி உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையின் ஒரு பக்கம் முழுக்கச் சேறு. காற்சட்டை முழங்காலில் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள்ளே ஒரு தழும்பைப் பார்த்தேன். இன்றைக்குப் பட்டதல்ல. தையல் போட்டு ஆறி வெளுத்துப்போன நீளத் தழும்பு, கணுக்கால் பக்கமாக இறங்கிப் போனது. இந்த மனுசனும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு ரோட்டில் விழுந்து, நல்லாய் அடிபட்டு எழும்பியிருக்கிறார். எங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஆள். எனக்கு இரக்கம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஆத்திரம்தான் கூடியது. வலி தெரிந்தவருக்கே அதைச் செய்ய மனம் வந்திருக்கிறதே.

"எவன்டா முன் பிரேக்குல கைய வச்சது?" என்று கத்தினார்.

"நான்தான் இறுக்கினனான்" என்றார் மேலதிகாரி. "ஏன், பிரேக் பிடிக்கக் கூடாதோ?"

மாஸ்டர் எழும்பி நின்று சட்டையைத் தட்டினார், சேறு இன்னும் பரவியது. பிள்ளைகள் பக்கம் திரும்பி, "நான் விழல. வண்டிதான் சாஞ்சுச்சு" என்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை, தலையாட்டவும் இல்லை.

அப்போதுதான் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. வேண்டாம் என்று சொல்லியும் செல்வி ஆட்டோவை விட்டு இறங்கி வந்துவிட்டாள். சேற்றில் ஒவ்வோர் அடியாக ஊன்றி ஊன்றி வந்து, அவருக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டாள்.

"மாஸ்டர், நீங்க யார்கிட்ட படிச்சீங்க?"

அங்கே நின்ற எல்லோருக்கும் பதில் தெரியும். அவர் வாயாலேயே தினம் கேட்டதுதானே. ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டது. எத்தனையோ பேரை ஒரே வார்த்தையில் தள்ளிவைத்த மனுசனுக்கு, சேற்றோடு நிற்கிற தன்னைத் தள்ளிவைக்க ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. இருந்த ஆத்திரத்தையெல்லாம் அவள்மேல் கொட்டினார்.

"வாய மூடு செல்வி. உனக்கு வண்டியில உக்காரக் கத்துக் குடுத்ததே நான்தான். என்னையே கேள்வி கேக்குறியா நீ?"

சொன்ன பிறகும் அவருக்கு விளங்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்தார், பிறகு மேலதிகாரியைப் பார்த்தார். அப்போதுதான் விளங்கியது.

இரண்டு தரம் கேட்டு எழுதுகிற மனுசனுக்கு அன்றைக்கு ஒரு தரமே போதுமாக இருந்தது. மேலதிகாரி செல்வியின் கையைப் பிடித்து ஆட்டோ வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார். அவள் ஏறி உட்கார்ந்ததும் ஊன்றுகோலை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, ஆட்டோவை ஒபிசுக்கு விடச் சொல்லும். அவ திரும்ப நல்லா நடக்கிற வரைக்கும் கதிரையில இருந்து செய்யிற வேலை அங்க இருக்கு."